சாரம்மாளின் முக்கால் படி மாவு

டில்லியில் தர்பார் நடந்த வருஷம் வரைக்கும் பாளையங்கோட்டையில் காலை ஆகாரம் என்றால் பழைய சோறுதான். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வருஷம் ஏதோ ஒரு பத்திரிகைக்காரன், துரைமார் காலையில் எழுந்ததும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டான். அவ்வளவுதான். இங்கிலீஷ் படித்த ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பழைய சோற்றின் மேல் அருவருப்பு வந்துவிட்டது.

"இங்கிலாந்து ராஜாக்கள் பேரை வரிசையாச் சொல்லுத வாய்ல, நீராகாரம் போகலாமாட்டி?" என்று முதன்முதலில் கேட்டவர் அப்பாத்துரை வாத்தியார். கேட்டது தம் மனைவி சாரம்மாளிடம். கேள்வி அவருடையது. அதற்கு வேண்டிய ஆட்டுரல் அவளுடையது. அவருடைய படிப்புக்கு மரியாதை செய்யும்பொருட்டு அவள் கோழி கூப்பிடுமுன் எழுந்து, நாளொரு பலகாரம் ஆட்டியும் இடித்தும் அவித்தும், மூன்றே மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலே ரொட்டிக் கிடங்கில் வேலை பார்த்துத் திரும்பிய நேசையா, கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை போட்டான். ரொட்டி போக மிஞ்சிய மாவைப் படிக்கணக்கில் அளந்து விற்றான். பிசைந்த மாவு, பஞ்சு மாதிரி இருக்கும். சாரம்மாள் ஒருநாள் தூக்குவாளியில் முக்கால் படி வாங்கி வந்தாள். எலுமிச்சையளவு கிள்ளி, உள்ளங்கையில் தட்டி, நடுவில் கருப்பட்டித் தூளும் தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை ஏலக்காயும் வைத்து, வாயை மூடி எண்ணெயில் போட்டாள். அது தானே புரண்டு, தானே உப்பி, தானே சிவந்து, எடுத்துக்கொள் என்று மேலே வந்து நின்றது. சாப்பாட்டுக்கு முந்தின ஜெபத்தை வாத்தியார் முடிப்பதற்குள் தட்டு நிறைந்துவிட்டது.

வாத்தியார் ஆறு தின்றார். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் பேரு துரைப்பணியாரம்" என்று பிரகடனம் செய்தார்.

ஒரு மாதத்தில் ஊரே அதைத் தின்றது. பெண்டுகள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆட்டுரலில் கோழி முட்டையிட்டது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் நேசையாவிடம் கேட்கவில்லை: மாவு எதனால் பொங்குகிறது? கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். பனங்காட்டுச் சீமையில் மாவு எதனால் பொங்கும் என்பது மூக்கு உள்ள எல்லாருக்கும் தெரியும். மூக்கை மட்டும் யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

குறிப்பாக, அப்பாத்துரை வாத்தியார் கூப்பிடவில்லை. அவர் மதுவிலக்குச் சகோதர சங்கத்தின் காரியதரிசி. சங்கத்தில் முப்பத்தேழு பேர். அதுமட்டுமல்ல, 'என் வீட்டு வாசற்படியை ஒரு சொட்டுக் கள்ளும் தாண்டாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலையே கிடைத்தது. தாண்டினது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். குடியிருந்த வீடும் பள்ளிக்கூடத்து வீடுதான்.

அந்தக் காலத்தில் ஊரில் கள் கண்காணிப்பு இலாகா என்று ஒன்று இருந்தது. அதன் இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாள் மிகவும் கவலையில் இருந்தார். மூன்று மாதமாக ஒரு வழக்கும் சிக்கவில்லை. குற்றம் இல்லாத ஊருக்கு இன்ஸ்பெக்டர் எதற்கு என்று மேலிடத்தில் யாராவது யோசித்துவிட்டால்? யோசிக்கிற வழக்கம் மேலிடத்தில் இல்லை என்றாலும், ஜாக்கிரதையாக இருப்பது நல்லதல்லவா? அவர் நேராக நேசையாவின் கடைக்குப் போனார்.

"ஏலே நேசையா, மாவுல என்னத்தலே ஊத்துதே?"

"ஒரு சிரட்டைக் கள்ளுங்க ஐயா. ஊத்தாட்டி மாவு பொங்காதுல்லா?"

"ஊத்தின கள்ளு எங்கன போச்சு?"

"மாவுக்குள்ள போச்சு."

"வெளியே வந்துச்சா?"

"வரலை ஐயா."

"அப்போ உள்ளதான இருக்கு!"

இன்ஸ்பெக்டர் அங்கேயே நின்று குறிப்பெழுதினார்: 'பொங்குவது கள். பொங்கி முடிந்து வெந்தது பலகாரம். கடைக்குள் இருக்கும் மாவு ரொட்டியாகப் போகிற மாவு. அதற்கு லைசென்சு உண்டு. கடைப்படியைத் தாண்டிய மாவின் எதிர்காலம் இன்னதென்று சொல்வதற்கில்லை. ஆகவே அது கள்.' தனி ஆள் ஒரு படிக் கள் வரையில் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அதற்கு மேல் போனால் வழக்கு.

மறுநாள் விடிந்ததும் அவர் தெருமுனையில் அளவுபடியோடு நின்றார். தூக்குவாளியோடு முதலில் வந்தவள் சாரம்மாள். வாளியில் இருந்ததை அளந்தார். முக்கால் படி.

"சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கு. நீங்க போகலாம்மா" என்றார். சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

"போகச் சொல்லிட்டு நீங்களும் வாறியளே ஐயா?"

"நீங்க போறிய. நான் மாவு கூட வாரேன். அது போற வழியில சட்டத்தை மீறுதான்னு பாக்கணும்லா."

சாரம்மாள் எட்டி நடந்தாள். வெயில் ஏற ஏற வாளிக்குள் மாவும் ஏறியது. வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை மூட்டி, சட்டியை வைத்து, எண்ணெய் காய்வதற்குள் வாளி மூடி 'டப்' என்று திறந்து கீழே உருண்டது. மாவு வாளியின் விளிம்புக்கு மேல் தலையை நீட்டி இன்ஸ்பெக்டரைப் பார்த்தது.

"ஒன்றரைப் படி!" என்றார் ஐயம்பெருமாள் அளந்து பார்த்து, லாட்டரி விழுந்தவர் மாதிரி. "வாங்கும்போது நிரபராதி. வீட்டுக்கு வந்து குற்றவாளி ஆயிட்டிய."

"நான் ஒண்ணும் பண்ணலையே ஐயா! அதுவால்லா பொங்குச்சு?"

"பொங்கவிடாமத் தடுத்தியளா?"

"எப்பிடித் தடுக்க?"

"அதை இலாகா சொல்லாதும்மா. மீறினாப் பிடிக்கதுதான் இலாகா வேலை."

அங்கேயே பறிமுதல் மகஜர் எழுதினார். 'மதுவிலக்குச் சகோதர சங்கக் காரியதரிசி அப்பாத்துரையின் மனைவி சாரம்மாள் வசம் கள் ஒன்றரைப் படி' என்று வரி முடிந்தபோது, குளித்துவிட்டு வந்த வாத்தியார் அதை வாசித்தார். ஈரத்துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி சாரா, வேலை போச்சு. வீடும் போச்சு. ஒரு பணியாரத்துக்காகவா?"

"தினமும் ஆறு" என்றாள் சாரம்மாள். "ஞாயித்துக்கிழமை எட்டு."

பத்து மணிக்கு டிப்டி கலெக்டர் அம்பலவாணர் முன்னால் விசாரணை. வழக்கு நிரூபணமானால் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் போய்விடும். இன்ஸ்பெக்டர் தூக்குவாளியைச் சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து, மாட்டுவண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு டிப்டியின் கச்சேரிக்குப் போனார். அந்த ரோட்டில் மாட்டுவண்டியில் போகிறவர்களின் எலும்பே இடம் மாறும். மாவின் கதியை யோசித்துப் பார்க்கலாம்.

டிப்டி அம்பலவாணர் காகிதத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். மகஜரை வாசித்தார். "கள் ஒன்றரைப் படி. சரி. அளந்து காட்டும்."

முத்திரை உடைந்தது. மாவு, குலுங்கிக் குலுங்கிக் காற்றுப் போய், வாளியின் அடியில் துவண்டு கிடந்தது. படியில் போட்டார்கள். முக்கால் படிகூட முழுசாக இல்லை.

வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தினமும் மாவு கிள்ளுகிற சாரம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"எசமான், நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "இது கள்ளுன்னு எழுதினது யாரு ஐயா?"

"நான்தான்."

"ஒன்றரைப் படின்னு அளந்தது?"

"நானேதான்."

"அதுக்குப் பொறவு வாளி யாருட்ட இருந்துச்சு?"

"என் மடியிலதான். வேற ஒருத்தர் தொடலை."

"அப்போ மிச்சம் முக்கால் படிக் கள்ளு எங்கன போச்சு ஐயா?"

டிப்டி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஐயம்பெருமாள், இங்கன வாரும்."

"எசமான், அது வந்து..."

"பைய வாரும். வாயைத் திறந்து ஊதும்."

இன்ஸ்பெக்டர் ஊதினார். டிப்டி முகர்ந்தார். முகம் இறுகியது.

"ஏலக்காய் வாசனை!" என்றார். "கள் குடிக்கிறவன் ஏலக்காய் மெல்லுவான் என்று உம்முடைய இலாகாவின் புத்தகத்திலேயே இருக்கிறது. பறிமுதல் செய்த சர்க்கார் கள்ளை, சர்க்கார் வண்டியில், சர்க்கார் உத்தியோகஸ்தரே குடித்திருக்கிறீர்!"

"எசமான்! அது கள்ளே இல்லை! வெறும் மாவு! அந்தம்மா வீட்டுக்குப் போய் மகஜர் முடிச்சு, என் வீட்டுக்கு ஒரு எட்டுப் போனேன், எம் பொஞ்சாதி நாலு துரைப்பணியாரம் குடுத்தா. அந்த ஏலக்காய் இது. எங்க வீட்டுலயும் தினம் அதே மாவுதான் எசமான்!"

"எவ்வளவு வாங்குவிய?" என்று சாரம்மாள் கேட்டாள்.

"ரெண்டு படி" என்றார் அவர், வாய் தவறி.

டிப்டி வெகுநேரம் யோசித்தார். கள் என்றால் இன்ஸ்பெக்டர் ஜெயிலுக்குப் போகவேண்டும். மாவு என்றால் இலாகா எழுதிய மகஜர் பொய்யாகும். சர்க்கார் மகஜர் பொய்யாவதைவிட சூரியன் மேற்கே உதிப்பது சுலபம். ஆகவே அவர் இப்படித் தீர்ப்பு எழுதினார்:

'மேற்படி பதார்த்தம் ஏறும்போது கள், இறங்கும்போது மாவு. மகஜர் எழுதியவர் ஏறும்போது பார்த்தார், அது சரி. நாம் இறங்கும்போது பார்த்தோம், இதுவும் சரி. இறங்கிய மாவை வைத்திருந்ததற்காக யாரையும் தண்டிக்க ஏதுவில்லை. சாரம்மாள் விடுதலை. ஐயம்பெருமாள் எச்சரிக்கப்பட்டார். சாட்சிப் பொருள் அழிக்கப்படவேண்டியது.'

"அடுப்பும் எண்ணெயும் ரெண்டு மூடித் தேங்காயும் குடுத்தா, நானே அழிச்சுத் தாரேன் எசமான்" என்றாள் சாரம்மாள்.

கச்சேரிப் பின்கட்டில் சாட்சிப் பொருள் முறைப்படி அழிக்கப்பட்டது. டிப்டி ஒருவரே ஐந்து சாட்சிகளை அழித்தார். பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் ஒன்றும் போகவில்லை. வாத்தியார் வேலையும் வீடும் தப்பின.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. எல்லார் வாயிலும் பணியாரம். அது இதுதான்: 'பொதுமக்கள் இந்தப் பதார்த்தத்தை ஏறும் நிலையிலேயே வாங்குகிறபடியால், இனி இது லைசென்சு பெற்ற கள்ளுக்கடையில் மட்டுமே விற்கப்படவேண்டியது.'

மறுவாரம் முதல் நேசையா மாவைக் கள்ளுக்கடைக்கு அனுப்பினான். கடைக் குத்தகைக்காரி சுடலைவடிவு, பானைகளை ஓரம் ஒதுக்கிவிட்டு மாவுக்கு இடம் பண்ணினாள். பொம்பளைகள் கள்ளுக்கடைக்குப் போகமுடியுமா? ஆகையால் ஆண்பிள்ளைகள் போனார்கள். தூக்குவாளியோடு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு.

"வாங்க வாத்தியாரையா. முக்காடு எதுக்கு, இங்கன எல்லாரும் நம்ம ஆளுகதான்" என்பாள் சுடலைவடிவு. "வரிசையில நில்லுங்க. ஏ, குடிக்க வந்தவனெல்லாம் தள்ளி நில்லுங்கலே! பெரிய மனுசாளுக்கு நேரமாகுதுல்லா?"

குடிகாரர்களுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. கௌரவமாக ஒரு சிரட்டை குடிக்க இடமில்லை என்று நாலைந்து பேர் குடியையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஐயம்பெருமாள் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை வேறு விதமாக இருந்தது. 'இவ்வூரில் விடியற்காலையில் கள்ளுக்கடைக்குச் செல்வோர் தொகை பத்து மடங்கு பெருகியுள்ளது. பெரும்பாலோர் படித்தவர்கள்.' அது பத்திரிகையில் வெளிவந்ததைப் பார்த்த மதுவிலக்குச் சகோதர சங்கம் கொதித்தெழுந்து அவசரக் கூட்டம் போட்டது. கள்ளுக்கடை வாசலில் காலையில் நிற்கும் அந்த மகாபாவிகள் யார், பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று தலைவர் மேஜையைக் குத்தினார்.

அப்பாத்துரை வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். எழுந்து நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மொத்தம் முப்பத்தேழு பேர் ஐயா. பேரை வாசிக்கட்டுமா?"

தலைவர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முப்பத்தாறு தலைகளும் குனிந்திருந்தன. தம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"பேரெல்லாம் எதுக்குவே?" என்றார். "தீர்மானத்துக்கு வாரும்."

அரைமணி விவாதத்துக்குப் பின் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கீழே காரியதரிசி அப்பாத்துரை கையெழுத்திட்டார்: 'கள்ளுக்கடை ஆறு மணிக்குத் திறக்கப்படுவதால் உத்தியோகஸ்தர்களும் உபாத்தியாயர்களும் காலை ஆகாரத்துக்குத் தாமதமாகி இன்னலுறுகின்றனர். ஆகவே கடையை ஐந்தரை மணிக்கே திறக்கும்படி சர்க்காரை இச்சங்கம் ஏகமனதாக வேண்டிக்கொள்கிறது.'

சர்க்கார் பத்து வருஷத்தில் அந்தச் சங்கத்தின் எந்த மனுவுக்கும் பதில் போட்டதில்லை. இதற்கு ஒரே வாரத்தில் போட்டது. ஐந்து மணிக்கே திறக்க உத்தரவு.