மன்ஸஃப் குழம்பு திரிந்த வெள்ளிக்கிழமை

கரக்,
சனிக்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய அக்கா வத்ஹா அவர்களுக்கு,

தம்பி முஃப்லிஹ் பணிவோடு சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் இங்கே நானும் நவ்ஃபாவும் மகள் அரீஜும் சுகம். நவ்ஃபாவின் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை. அகபாவில் உங்கள் முழங்காலும் மருமகனின் படகும் பழுதில்லாமல் ஓட அந்த இறைவனையே வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்து வீடோ அபூ தலாலின் தங்கை வீடு. அதனால்தான்.

நேற்று மாப்பிள்ளை வீட்டாருக்கு நம் வீட்டில் விருந்து. பையன் கைஸ் தங்கமான பிள்ளை, நம் பெண்ணும் கட்டினால் அவனைத்தான் என்று நிற்கிறாள், எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் கல்யாணத் தேதி வைக்க வேண்டியவர் அவன் பெரியப்பா அபூ தலால். மாதபாவில் ஒரு விருந்தில் முதல் கவளத்தோடு கை கழுவிவிட்டு எழுந்து போன மனிதர் அவர். குழம்பில் குறையாம், அந்தக் கல்யாணமே நின்றுபோனது. இப்பேர்ப்பட்டவருக்கு ஆட்டுக்கறி மன்ஸஃப் ஆக்கவேண்டிய வாரத்தில் நவ்ஃபா படியில் வழுக்கி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் ஒரு கரண்டியை ஓட்டமாட்டேனா என்று நான் வாய்விட்டேன். இந்த வாய் என்றைக்குச் சும்மா இருந்தது!

ஜமீத் என்ற காய்ந்த தயிர்க் கட்டிகளை முந்தின நாளே ஊறப்போட்டு, கரைத்து, வடிகட்டி, பெரிய பானையில் ஏற்றிக் கிண்ட ஆரம்பித்தேன், நீங்கள் சொல்லித் தந்தபடியே ஒரே பக்கமாக, பக்கம் மாறினால் குழம்பு திரிந்துவிடும் என்று பயந்து பயந்து. நவ்ஃபா உள்ளேயிருந்து "ஏங்க, சோளமாவு கரைச்சு ஊத்துனீங்களா?" என்று கத்தினாள், நான் "ஆச்சு ஆச்சு" என்றேன், மாவு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது, ஜும்ஆவுக்கு நேரமாகிறதே என்று அடுப்பை வேறு முழுசாய்த் திருகிவிட்டேன், அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது, எடுத்தால் அபூ தலால், "தொழுதுட்டு நேரா அங்கதான் வர்றோம்" என்கிறார், நான் அடுப்படியிலேயே நிமிர்ந்து நின்று சலாம் சொன்னேன் பாருங்கள், அதில் கை தானாக அடுத்த பக்கம் சுற்றிவிட்டது. குனிந்து பார்க்கிறேன், மேலே பச்சைத் தண்ணி, கீழே திப்பி திப்பியாக வெள்ளை மணல்.

கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு உம்மு ஃபவ்வாஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, கையத் திருப்பிட்டீங்களேண்ணே! கல்யாண வீட்டுல இப்படியா!"

சத்தம் கேட்டு அரீஜ் ஓடிவந்தாள். ஒரு கண்ணில் மை, மறு கண்ணில் இல்லை. யர்முக்கில் உணவு விஞ்ஞானம் படிக்கிறவள் அல்லவா, பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "புரதம் இயல்பிழந்துடுச்சு யாபா" என்றாள். எனக்கு யாரோ செத்துப்போன சேதி சொன்ன மாதிரி இருந்தது.

"கெட்டுப்போச்சா?"

"கெடல. உங்க தலையில இருக்குற ஷ்மாக் துண்டு மாதிரி வச்சுக்கங்க. மடிச்ச மடிப்புலதானே அது தலையில நிக்குது? பலமா உதறினா மடிப்புதான் போகும், ஒரு நூல்கூட அறுகாது. பாலுல உள்ள புரதமும் நீள நூல்தான், தனக்குன்னு ஒரு மடிப்போட இருக்கும். நீங்க வச்ச தீயில மடிப்பெல்லாம் அவுந்து, ஒண்ணை ஒண்ணு புடிச்சுக்கிட்டு, தண்ணியப் பிழிஞ்சு வெளிய தள்ளிடுச்சு."

"நான் கையத் திருப்பினதாலயா?"

"எந்தப் பக்கம் கிண்டினா அதுக்கென்ன! சூடு. மாவு வேற போடல. மாவு இருந்தா ஒட்டவிடாம நடுவுல நிக்கும்."

"அப்ப ஆறவச்சா திரும்ப மடியாதா?" என்று கேட்டுக்கொண்டே நான் பானையை இறக்கிவைத்து, ஐஸ் கட்டிகளைச் சுற்றிலும் அடுக்கிவிட்டேன்.

"பக்குவமாப் பண்ணினா சில புரதம் மடியும். இந்தப் பானையில நடக்காது. அவிச்ச முட்டையப் பச்சை முட்டையா ஆக்குவீங்களா?" சிரித்துக்கொண்டே சொன்னாள், அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் அவசரத்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டால் நான் எந்த முகத்தோடு உயிர் வாழ்வது?

அதற்குள் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு மிக்சியை எடுத்துவிட்டாள். கரண்டி கரண்டியாகக் குழம்பு, கரைத்த சோளமாவு, ஆட்டெலும்புச் சாறு என்று ஊற்றி அரைத்து, சின்னத் தீயில் ஏற்றினாள். பார்த்தால் பட்டாக இருந்தது. "மடிச்சிட்டியா?" என்றேன். "இல்ல யாபா. கட்டியப் பொடியாக்கியிருக்கேன், அவ்வளவுதான். பழையபடி ஆகாது, ஆனா வாய்க்குத் தெரியாது" என்றாள்.

வந்தார்கள். ரொட்டி, சோறு, கறி, மேலே வறுத்த பாதாம். அபூ தலால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் கவளம் உருட்டி வாயில் போட்டார். மெல்லாமல் நின்றுவிட்டார். கைஸ் மென்று கொண்டிருந்ததை விழுங்கவில்லை.

"யாரு ஆக்கினது?"

"நான்தான்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன் அக்கா, கை கொள்ளாமல் ஊற்றினேன்! காப்பி குடிக்கும்போது அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். ஒரு ஈ, எறும்புக்குக்கூட விஷயம் தெரியாது. ஆகையால் இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள், உங்கள் பக்கத்து வீட்டில் மூச்சு விடாதீர்கள். உம்மு ஃபவ்வாஸ் வாயைப் பாதாம் கொடுத்து அடைத்தாயிற்று.

உங்கள் வீட்டில் உப்பும் நெய்யும் என்றும் குறையாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் கையை முத்தமிட்டு முடிக்கிறேன்.

அன்புத் தம்பி,
முஃப்லிஹ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் அரீஜின் போன் அடித்தது. அபூ தலால்! நாளைக்கு அவர் வீட்டில் பதில் விருந்து, அதற்கு முன்கூட்டியே தன் கையால் ஒரு பானை ஆக்கிப் பார்த்தாராம். அவரது குரல் எனக்கே கேட்டது. "மருமகளே, எங்க வீட்டுக் குழம்பு திரிஞ்சுபோச்சும்மா. நேத்து உங்க வீட்டுல முதல் கவளத்துலயே நாக்குல ஒரு நொறுநொறுப்பு பட்டுச்சு. உங்கப்பன் மூஞ்சியப் பாத்தேன், வாயத் தொறக்கல. அதை யாரு சரி பண்ணினதுன்னு தெரியும். எனக்கும் சொல்லிக் கொடு." ஆகவே கடிதத்தைக் கிழிக்க வேண்டாம் அக்கா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகவே படியுங்கள். நான் மட்டும் இப்போது குரல் எழுப்ப முடியாது, அரீஜ் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறாள்: "முதல்ல அடுப்பை அணைங்க, மாமா."