கொடி எட்டாத தீவு

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது, நான் நாட்டைவிட்டுப் போவது என்று தீர்மானித்தேன்.

இந்த ஊரிலிருந்து நாட்டைவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. என் காரணம் மீன்.

கொடி ஏறினால் இருபத்தைந்து நாளைக்கு இணுவிலில் எங்கள் வீட்டுக்குள் மீன் வராது. மீன் என்று வீட்டில் இருப்பது என் மனைவி மீனாம்பிகை ஒருத்திதான். முதல் நாள் வாழைக்காய்க் கறி. இரண்டாம் நாள் கத்தரிக்காய்ப் பால்கறி. மூன்றாம் நாள் சோயா மீற் பிரட்டல். நாலாம் நாள் மறுபடியும் வாழைக்காய். இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.

ரவுணுக்குப் போய்க் கடையில் சாப்பிடலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருடம் போனேன். பொரித்த பாரை மீன் துண்டில் பாதிதான் முடித்திருப்பேன். "அங்கிள், அன்ரி வரேல்லையோ?" என்று பக்கத்து மேசையில் ஒரு குரல் கேட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது மீனாம்பிகை கேற்றடியில் ஒரு வாளி தண்ணீரோடு நின்றாள். கிணற்றடியில் தோய்ந்து, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டாள்.

ஆகவே மீன் இருக்க வேண்டும், தெரிந்த முகம் இருக்கக்கூடாது. கந்தோரில் என்னோடு வேலை செய்யும் பிரகலாதன் மாலைதீவுக்குப் போய்வந்து படம் காட்டினான். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். நான் அவனுடைய சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தேன்.

ஒரேயொரு சிக்கல். மாலைதீவு என்ற பெயரை வீட்டில் எடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மாலைதீவு என்றால் ஒருவருக்கும் கடற்கரை ஞாபகம் வராது, மாசிக்கருவாடுதான் ஞாபகம் வரும். எனவே பெயரைச் சொல்லாமல் சம்மதம் வாங்குவது, பிளேன் ஏறிய பிறகு பெயரைச் சொல்வது என்று திட்டம் போட்டேன். நாலு நாள் மரக்கறியில் மூளை நன்றாக வேலை செய்தது.

மீனாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மீனா, நாலு நாள் எங்கையாவது போய் இருந்திட்டு வருவமே?"

"எங்கை?"

"ஒரு தீவுக்கு."

துருவுவது நின்றது. "தீவுக்கோ?"

"ஓம். சுத்திவரக் கடல். கடைசித் துண்டு வள்ளத்திலைதான் போக வேணும். தென்னை மரம். நல்ல காத்து. உமக்குச் சமையல் இல்லை. நேரத்துக்கு நேரம் அவையே சாப்பாடு தருவினம்."

"செருப்பில்லாமல் நடக்கலாமோ?"

"நாள் முழுக்க நடக்கலாம்."

"நீங்கள் என்ன உடுப்புப் போடுவியள்?"

"ஆம்பிளையள் மேலிலை ஒண்டும் போடாமல்தான் திரியிறவையாம்."

"வெள்ளைக்காரர் வருவினமோ?"

"வருவினம். ஆனால் தங்கடை பாட்டிலை இருப்பினம்."

"தேருக்கு முதல் திரும்பி வந்திடலாமோ?"

"கட்டாயம்."

அவள் துருவிய தேங்காய்ப்பூவை ஒருபக்கம் வைத்தாள். "நான் வாறன். ஆனால் நீங்கள் பிறகு பின்வாங்கிப்போடுவியள். சாமியறையிலை வந்து சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்ல?"

"நான் சொன்னது எல்லாம் அந்தத் தீவிலை இருந்தால், ஒரு சாட்டும் சொல்லாமல் நாலு நாளும் அங்கை இருப்பன் எண்டு."

முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, சொல்லுக்குச் சொல் சொன்னேன். இப்படி ஒரு பெண்சாதி யாருக்குக் கிடைக்கும் என்று மனம் நெகிழ்ந்தது.

அடுத்த நாள் கந்தோரில் நாலு நாள் லீவு எடுத்தேன். கிளிப்படம் போட்ட அரைக்காற்சட்டை ஒன்று வாங்கினேன். ரவுணில் ஒரு பயண முகவர் கடைக்குப் போனேன். அங்கே இருந்த ஜெயனி என்ற பிள்ளை கட்டில் எப்படி, யன்னல் எந்தப் பக்கம் என்று விளக்கத் தொடங்கினாள்.

"பிள்ளை, அதெல்லாம் கிடக்கட்டும். சாப்பாட்டைச் சொல்லும்."

"மூண்டு நேரமும் மீன் இருக்கு, சேர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை முறுக்கினேன்.

வீட்டு விறாந்தையில் இரண்டு பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"என்னப்பா, அதுக்குள்ளை கட்டிப்போட்டீர்?"

"நாளைக்கு வெள்ளன பஸ். குறிகட்டுவானிலை எட்டு மணிக்கு வள்ளம்."

"குறிகட்டுவானிலையோ?"

"பிறகு நயினாதீவுக்கு எங்கையிருந்து போறது? அம்மன் கோயிலடி மடத்திலை நாலு நாளைக்கு அறை சொல்லிப்போட்டன். மூண்டு நேரமும் அவையே சாப்பாடு தருவினம். மரக்கறிதான்."

நான் பைகளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

"நான் சொன்னது அந்தத் தீவில்லை."

"சுத்திவரக் கடல் இல்லையோ?"

"இருக்கு."

"வள்ளத்திலை போகேல்லையோ? தென்னை இல்லையோ? செருப்பில்லாமல், மேலிலை ஒண்டும் போடாமல்தானே கோயிலுக்குள்ளை நிப்பியள்? வெள்ளைக்காரர் கூட வருகினம்."

"நான் சொன்னது மாலைதீவு."

"சரி. அங்கை இருக்கிற என்ன இஞ்சை இல்லை? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் அறையை வேண்டாம் எண்டு சொல்லுறன்."

சொல்வதற்கு ஒரேயொரு சொல்தான் இருந்தது. அதுவும் இரண்டெழுத்து. ஆனால் சாமியறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கற்பூரம் கொளுத்திய தட்டு அப்படியே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். மூடினேன். திரும்பத் திறந்து, காற்றை மட்டும் விழுங்கினேன்.

மீனாம்பிகை என் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு நாளாய் நித்திரையிலை ஒட்டி, விளை, பாரை எண்டு ஒவ்வொண்டாய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுறியள். யோசிக்காதேங்கோ. எல்லாம் நிறைய இருக்காம். வள்ளத்திலை போகேக்கை எட்டிப் பாருங்கோ."