தளபதி நிற்பதற்கான ஏற்பாடு

உலக நிர்வாகவியல் வரலாற்றில் மதுரைக் கோச்சடைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். அங்கேயுள்ள ஒரு கணினி நிறுவனத்தில், கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் தளபதி ஒருவர் ஓயாமல் முகங்குப்புற விழுந்துகொண்டிருந்தார். அவரை எப்படி நிறுத்துவது என்பது அங்கே வேலை பார்த்த பாலமுரளிக்குப் பிடிபடவில்லை.

ஊழியர்கள் மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிட்டால் 'தலைமைப் பண்பு' வளரும் என்பது தலைமையகத்தின் தீர்க்கதரிசனம். கோவைக் கிளையோடு போர் பிரகடனமாகிவிட்டது. ஆனால் பெட்டியில் வந்த தளபதி, பதுங்கியபடி எட்டிப் பார்க்கும் தோரணையில் இருந்தார். மேலாளர் ஹாலாஸ்யம் கொதித்துப்போனார்.

"நான் என்ன ஒளிஞ்சுக்கிட்டா வேலை பாக்குறேன்? மார நிமித்தி, ஒரு கால முன்னால தூக்கி, வாள நீட்டி நிக்கணும். அந்தப் பிளாஸ்டிக் வாள் வேணாம். பித்தளையில செஞ்சு வச்சிருக்கேன்."

"சார், என் கல்யாண லீவு... இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

"மொதல்ல தளபதி நிக்கட்டும்யா. கையெழுத்துப் போடுறேன்."

பாலமுரளி இத்தகைய வேலைகளை ரசித்துச் செய்கிறவன். தளபதியை இடுப்பில் அறுத்து நிமிர்த்தினான். மூட்டுகளில் ஊசித்துளை போட்டு, கம்பி செருகி, பசை வைத்து, இடைவெளியைப் பட்டி பூசி அடைத்தான். தளபதி கம்பீரமாக எழுந்தார், கம்பீரமாகவே கவிழ்ந்தார். வாளின் கனம் அவரை முன்னால் இழுத்தது. அடித்தட்டில் இரும்பு வாஷர் ஒட்டினான். இப்போது தட்டு கவிழவில்லை. ஈர்க்குச்சி பருமனிலிருந்த கணுக்கால் முறிந்தது.

பக்கத்து இருக்கை மாதங்கி எட்டிப் பார்த்தாள். "என்ன முரளி, மாப்ள இல்லாமக் கல்யாணம் நடத்த ஒரு ஒர்க்‌ஷாப் போடச் சொல்லவா?"

"கிண்டலா? அம்புட்டு பாரமும் ஒத்தக் கால்ல நிக்குதுங்க. தூக்குன கால எதுலயாச்சும் ஊணணும்."

"அந்த வாள எடுத்துருங்க. முடிஞ்சுச்சு."

"அத சார்கிட்ட நீங்களே சொல்றீங்களா?"

மாதங்கிக்குத் திடீரென்று அலுவலகப் பணியில் ஈடுபாடு பொங்கியது.

காலுக்கடியில் பாறை வைத்துக் காட்டினான். "ஆனைமலை பாக்க வந்த டூரிஸ்ட் மாதிரில்ல இருக்கு!" என்றார் ஹாலாஸ்யம். பீரங்கிச் சக்கரம் வைத்தான். "பஞ்சர் பாக்குறானா?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் தளபதி நின்றார். ஹாலாஸ்யம் மேசையைத் தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். அசைவில்லை.

"இதுதான்யா லீடர்ஷிப்!" என்று கண்கலங்கி, லீவு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். மேற்படி செய்முறையை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்ப உத்தரவாயிற்று. பாலமுரளி எல்லோருக்கும் புரியும்படி எழுதி அனுப்பிவிட்டுத் தாலி கட்டப் போனான்:

"தளபதியின் சொந்தப் படையிலிருந்தே ஒரு வீரனை எடுக்கவும். இடுப்பில் அறுத்துக் குனியவைத்து ஒட்டவும். அவன் முதுகின்மேல் தளபதியின் காலை ஒட்டவும். தளபதி இனி விழமாட்டார். குனிந்தவன் முகம் வெளியே தெரியாது. அதற்கு வர்ணம் பூச வேண்டியதில்லை."