கோழி ஞானியின் சாக்பீஸ் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சந்தைக்குப் போனால் கோழி வாங்க முடியாது. கோழி ஞானியைப் பார்க்கத்தான் முடியும். அதுவும் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே எட்டி எட்டி. கூடையோடு வந்தவர்களுக்கு ஒரு வரிசை, சாக்கோடு வந்தவர்களுக்கு ஒரு வரிசை, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் தனி வரிசை. கோழிகள் அமைதியாகத்தான் இருந்தன. கொக்கரித்ததெல்லாம் மனிதர்கள்தான்.

"தள்ளாதீங்க! ஐயா எல்லாக் கோழியையும் பார்ப்பாரு!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் சந்தைச் செயலாளர். "காலில் சிவப்புக் கயிறு இல்லாத கோழியை இங்க விக்கக் கூடாது! சொல்லிட்டேன்!"

சிவப்புக் கயிறு என்றால் நோயில்லாத கோழி என்று அர்த்தம். கயிற்றைக் கட்டுபவர் ஞானி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே சந்தையின் வாசலில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். மழை குறைந்தது, ஞானம் பிறந்தது.

அவருடைய பரிசோதனையை விவரித்துவிடுகிறேன், கும்பிட விரும்புபவர்கள் கும்பிட்டுக்கொள்ளலாம். கோழியைக் கையில் வாங்குவார். கரும்பலகையின்மேல் படுக்கவைத்து, தலையை மெதுவாக அழுத்திப் பிடிப்பார். மூக்கு நுனியிலிருந்து நேராக ஒரு சாக்பீஸ் கோடு இழுப்பார். பிறகு கையை எடுத்துவிடுவார். கோழி எழுந்திருக்காது! கோட்டையே பார்த்துக்கொண்டு கட்டை மாதிரிக் கிடக்கும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"நோய் பொய் சொல்லும். கோட்டுக்கு முன்னாடி பொய் நிக்காது" என்பார் ஞானி. "சரணடைஞ்சிடுச்சு. சுத்தமான கோழி. கயிறு கட்டு!"

துள்ளி எழுந்து ஓடும் கோழிக்குக் கயிறு கிடையாது. அது அடுத்த வாரம் மறுபடி வரவேண்டும். சோர்ந்துபோன கோழிதான் பேசாமல் படுக்கும், நல்ல கோழி துள்ளும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இருக்கும்வரை தெரியும். சந்தைக்கு வந்ததும் மறந்துவிடும். ஞானி பணத்தைக் கையால் தொடமாட்டார், மகா துறவி. கோழிக்கு ஆறு முட்டை வாங்கிக்கொள்வார். மத்தியானம் பேக்கரி வண்டி வந்து அந்தத் துறவறத்தை ஏற்றிக்கொண்டு போகும்.

இப்படிக் கயிறு கட்டிய எட்டுக் கோழிகளைத்தான் தையல்கார அக்கா தன் சொந்தத் தங்கச்சிக்கு விற்றாள். தங்கச்சி அவற்றின் முட்டையை அடைவைத்தாள். இருபத்தாறு குஞ்சு பொரித்தது. பத்து நாளில் இருபத்திரண்டு செத்தது. பின்பக்கம் வெள்ளையாகக் கழிந்து, ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி மூடிச் செத்தது.

"கூடப் பொறந்தவ தலையிலேயே நோய்க்கோழியைக் கட்டிட்டியே" என்று போனில் அழுதாள் தங்கச்சி. "என் பொண்ணு ஒவ்வொரு குஞ்சுக்கும் பேர் வெச்சிருந்தா. அவளுக்கு நான் என்னன்னு சொல்றது? இனிமே எனக்குப் போன் பண்ணாதே."

"கயிறு கட்டின கோழிடி" என்றாள் அக்கா. போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது.

அக்கா ஞானியிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "கயிறு கட்டினதுக்கு அப்புறம் யாரோ சந்தேகப்பட்டிருக்கீங்க. சந்தேகம் கோழிக்கு ஆகாது."

அதுவரை அக்கா சந்தேகப்படவில்லை. அப்போதுதான் ஆரம்பித்தாள். துணியை அளக்காமல் கத்தரி வைக்காதவளுக்கு, இந்த விஷயத்தில் மட்டும் அளக்காமல் நம்பிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒன்பது கோழிகளையும் கூடையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் கண்டக்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஒவ்வொன்றின் இறக்கையிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். இரண்டே நிமிஷம். மூன்று கோழிக்கு நோய்.

"பார்க்க நல்லாத்தாம்மா இருக்கும், முட்டையும் போடும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா நோய் முட்டை வழியா குஞ்சுக்குப் போயிடும். அதுக்குத்தான் விக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறோம். யாரு கேக்கறா?"

"நீங்க ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வரமுடியுமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் அக்கா.

தங்கச்சிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: என்னைப் பார்க்க வேண்டாம், சந்தையைப் பார்க்க ஒரு தடவை வா.

தங்கச்சி வந்தாள். வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். நோய் கண்ட மூன்று கோழிகளின் பழைய கயிற்றைக் கத்தரித்துவிட்டு, அவற்றோடு நோயில்லாத ஒரு புள்ளிக்கோழியையும் ஞானியிடம் நீட்டினாள் அக்கா. மூன்று நோய்க்கோழிகளும் சமர்த்தாகப் படுத்தன. மூன்றுக்கும் புதுக் கயிறு. புள்ளிக்கோழி மட்டும் துள்ளி எழுந்து, கோட்டை அழித்து, பலகையிலேயே எச்சமும் போட்டுவிட்டு இறங்கியது.

"இதுக்குள்ள என்னமோ இருக்கு" என்றார் ஞானி.

இருந்தது. ஆரோக்கியம்.

"ஐயா, நீங்க கயிறு கட்டின மூணுக்கும் நோய் இருக்கு" என்றாள் அக்கா. கூட்டம் கொதித்தது. அப்போதுதான் வந்து சேர்ந்த டாக்டரம்மா ஒரு மேசையில் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை வைத்தார். ஊதாநிற மருந்தில் ஒரு சொட்டு, கயிறு கட்டிய கோழியின் ரத்தம் ஒரு சொட்டு. கலந்து, ஓட்டை அப்படியும் இப்படியும் சாய்த்தார். பால் திரிவது போலத் திரிந்தது.

"ஊதாத் தண்ணி பட்டா எதுதான் திரியாது?" என்றார் கூட்டத்திலிருந்த கறிக்கடைக்காரர், பெரிய விஞ்ஞானி மாதிரி.

"நல்ல கேள்வி" என்றார் டாக்டரம்மா. அதே மருந்து, புள்ளிக்கோழியின் ரத்தம். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்றாயிற்று. திரியவே இல்லை. கறிக்கடைக்காரர் ஓட்டுக்கு மேல் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அப்போ கோழி படுத்துச்சே, அது பொய்யா?" என்று கேட்டார் செயலாளர்.

அக்கா இன்னொருவர் கூடையிலிருந்து ஒரு கோழியை எடுத்தாள். தரையில் படுக்கவைத்துத் தலையை அழுத்திப் பிடித்தாள். சாக்பீஸ் இல்லை, கோடு இல்லை, மந்திரம் இல்லை. கையை எடுத்தாள். கோழி கட்டை மாதிரிக் கிடந்தது.

"பயந்துபோச்சுன்னா எந்தக் கோழியும் இப்படித்தான் கிடக்கும், பயப்படாதது துள்ளும். வீட்டுல ராத்திரி பகலா பண்ணிப் பார்த்தேன். நீங்களும் பண்ணிப் பாருங்க."

பார்த்தார்கள். முதலில் கறிக்கடைக்காரர், பிறகு பேக்கரி டிரைவர், கடைசியில் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டுச் செயலாளரும். ஐந்து நிமிஷத்தில் சந்தை முழுக்கக் கோழிகள் படுத்துக் கிடந்தன. கால் வைக்க இடமில்லை. அத்தனை பேரும் ஞானி ஆகிவிட்டார்கள்.

நம்முடைய ஞானி லேசுப்பட்ட ஆளா? கையிரண்டையும் உயர்த்தினார். "பார்த்தீங்களா பிள்ளைங்களா! இன்னிக்கு என் சக்தியை உங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டேன்!"

கூட்டம் ஒரு கணம் தயங்கியது. இரண்டு பேர் கும்பிடவே கும்பிட்டுவிட்டார்கள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் டாக்டரம்மா ஓட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். வெள்ளை அங்கியையும் தாடியையும் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! பேன்ட் சட்டையில வருவீங்களா, அடையாளமே தெரியல. என்னங்க, இந்தத் தடவை உங்க கோழிங்களை இன்னும் கொண்டு வரலையே? மூணு மாசத்துக்கு ஒரு தரம் பதினொண்ணையும் டெஸ்டுக்குத் தவறாம தூக்கிட்டு வருவீங்களே!" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவரை மாதிரி பொறுப்பான ஆளை நான் பார்த்ததே இல்லீங்க. டெஸ்ட் பண்ணாத கோழியைத் தன் வீட்டு வாசல்ல கூட விடமாட்டாரு."

டாக்டரம்மா மனதாரத்தான் பாராட்டினார். கோழிகள் ஒவ்வொன்றாக எழுந்து உடம்பை உதறிக்கொண்டன. ஞானி தன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேக்கரி வண்டியை நோக்கி நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

தங்கச்சி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும் கயிறைத்தான் பார்த்தேன் அக்கா. கோழியைப் பார்க்கல" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வெள்ளை ஓட்டுக்கு முன்னால் உருவாகிக்கொண்டிருந்த புது வரிசையில் போய் நின்றார்கள்.

ஆக, அத்தனை ஆயிரம் பேர் வந்துபோன சந்தையில், மூன்று வருஷமாகச் சொந்தப் புத்தியை உபயோகித்த ஒரே ஆள் கோழி ஞானிதான். மகானைப் பின்பற்றியே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களே, தாராளமாகப் பின்பற்றுங்கள். அவர் சொன்னதை அல்ல, தன் வீட்டுக்கு அவர் செய்துகொண்டதை!