இரவல் வந்த ரெஞ்ச்

இனி இந்த வீட்டுப் படலைக்குள் ஒரு கருவியும் வாங்கிக்கொண்டு வரமாட்டேன் என்று பத்திரகாளி அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திப் பாக்கியரத்தினம் சத்தியம் செய்து நாலு மாதம்கூட ஆகவில்லை. சத்தியம் வாங்கியவள் மனைவி சிவாஜினி. அவளில் பிழை சொல்ல ஏலாது. குசினி மூலையில் துளை போடும் மெசின் ஒன்று இருந்தது. அது தன் வாழ்நாளில் மூன்றே மூன்று துளை போட்டிருந்தது, அதில் இரண்டு பிழையான இடத்தில். பக்கத்தில் ஒரு கிரைண்டர். அது வருடத்தில் ஒருநாள், ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொள்ள மட்டும் வெளியே வரும். அதற்கும் பக்கத்தில் தண்ணீரைப் பீச்சி அடிக்கும் மெசின். முற்றத்தைக் கழுவப்போய்ச் சுவரின் பெயின்றையும் சேர்த்துக் கழுவியது அதுதான். சத்தியம் நடந்தது அதற்கு அடுத்த நாள்.

பாக்கியரத்தினம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் இருபத்தெட்டு வருடமாக எழுதுவினைஞர். பேனையைவிடப் பாரமான எதையும் தூக்கத் தேவையில்லாத உத்தியோகம். அதனால்தானோ என்னவோ, இரும்புச் சாமான் கடையைக் கண்டால் அவருடைய கால் தானாக நின்றுவிடும்.

அந்தக் கிழமை முனீப்பின் இரும்புச் சாமான் கடையில் அவர் கண்டது நட்டு இறுக்கவும் கழற்றவும் ஒரு பற்றரி இம்பாக்ட் ரெஞ்ச். கையடக்கமானது, வயரில்லை, ஒரு கிலோ சீனிப் பையைவிடக் கொஞ்சம்தான் பாரம் கூட. லொறிச் சில்லுக்கு இது சரிவராது, வீட்டு வேலைக்குத்தான் என்று முனீப் முதலே சொல்லிவிட்டார். கட்டில், றாக்கை, படலை, மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். நட்டு முரண்டு பிடித்தால் உள்ளேயிருக்கும் சுத்தியல் தானே தட்டித் திருப்பும், கை முறுகாது என்றார். கடை மேசையிலிருந்த ஒரு போல்ட்டில் பாக்கியரத்தினம் பரீட்சை பார்த்தார். டர்ர்ர், டக டக டக. கல்யாணத்தன்றுகூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதுதான் அம்மன் நினைவுக்கு வந்தாள். நேரே லெஸ்லி வீட்டுக்குப் போனார். லெஸ்லி துறைமுக வேலைத்தளத்தில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், உள்துறைமுகத்தில் ஒரு சின்ன வள்ளமும் வைத்திருப்பவர். அவரிடம் ரெஞ்ச் இருக்கிறது என்றால் ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இது லெஸ்லியின் ரெஞ்ச், இரவல் தந்திருக்கிறார் என்பதுதான் பாக்கியரத்தினத்தின் திட்டம்.

“நான் பொய் சொல்லமாட்டன் பாக்கியம். பிறகு சேர்ச்சில சாமியாரிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டி வரும். ஆனா வாய் திறக்கமாட்டன்.”

“வாய் திறக்காட்டிக் காணும் அண்ணை.”

சிவாஜினி ஒழுங்கை முழுவதுக்கும் தைத்துக் கொடுப்பவள். முன் அறையில் இரண்டு மின்சாரத் தையல் மெசின் வைத்திருந்தாள். கணவர் நீட்டிய பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். லெஸ்லி அண்ணை நல்ல மனிசன் என்று மட்டும் சொன்னாள்.

முதல் வேலை கட்டில். புரண்டு படுத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் கட்டில் அது. சுவருக்கும் காலுக்கும் இடையில் ஸ்பானரைக் கால்வாசிகூடத் திருப்ப இடமில்லாத நட்டுகள். ரெஞ்ச் மூக்கை உள்ளே விட்டு இரண்டு நிமிடத்தில் ஆறையும் இறுக்கிவிட்டது. பாக்கியரத்தினம் மெத்தையில் ஏறித் துள்ளிப் பார்த்தார். ஒரு முனகல் இல்லை. தலைகால் தெரியாத சந்தோசத்தில் தையல் மேசைக்குப் பாய்ந்து விசையை முழுக்க அழுத்தினார். நட்டு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பலகை ‘படார்’ என்று பிளந்தது.

சிவாஜினி ரெஞ்சை வாங்கினாள். பலகைக்கு முண்டு கொடுத்துப் புதுப் போல்ட் போட்டாள். நட்டை முதலில் விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, விசையை மெல்லத் தொட்டாள். முதல் ‘டக்’ கேட்டதும் விட்டாள். மிச்சக் கால் சுற்றைக் கை ஸ்பானரால் முடித்தாள். பாக்கியரத்தினம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“இது எங்க பழகினனீர்?”

“தையல் மெசின் பெடலும் இப்பிடித்தான். முழுக்க மிதிச்சா நூல் அறும். இதில போல்ட் அறும்.”

இருபது வருடமாகக் காலில் இருந்த வித்தை விரலுக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு அவருக்கு நட்டின் அளவுக்கு ரெஞ்ச் மூக்கில் மாட்டும் சொக்கெற்றை எடுத்துக் கொடுக்கிற வேலைதான். படலைப் பிணைச்சல் தளர்ந்து, ஊருக்குள் திரியும் மான்கள் உள்ளே வந்து செவ்வந்தியை மேய்ந்துகொண்டிருந்தன. அதை இறுக்கினாள். உடுப்புக் காயவிடும் கொடிக்கம்பத்தில் துருப்பிடித்த நட்டு ஒன்று இருந்தது. அவராயிருந்தால் பற்றரி செத்துப்போகும்வரை அழுத்தியிருப்பார். அவள் தையல் மெசின் எண்ணெயில் நாலு துளி விட்டு, உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, முன்னுக்கும் பின்னுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டவிட்டாள். நட்டு மரியாதையாகக் கழன்று வந்தது. நெற்றியில் வியர்வையும் கையில் ரெஞ்சுமாக நின்ற மனைவியைப் பார்க்க அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் காலையில்தான் வினை. இரவல் சாமானை வைத்துக்கொண்டிருப்பது அழகில்லை, வெறுங்கையோடு திருப்பிக் கொடுப்பதும் அழகில்லை என்று சொல்லிச் சிவாஜினி பயற்றம் பணியாரம் சுட்டிருந்தாள். ரெஞ்சைத் துடைத்து, பற்றரியைச் சார்ஜ் பண்ணி, பெட்டியில் வைத்துத் தானே கொண்டுபோனாள். பாக்கியரத்தினம் பின்னாலேயே ஓடினார். லெஸ்லி சொன்ன சொல் தவறாதவர். மனைவி இன்பமலர் தட்டில் எடுத்து நீட்டிய பணியாரத்துக்கு மட்டும் வாய் திறந்தார்.

அன்று பின்னேரம் தன் சொந்த ரெஞ்சை இரவல் கேட்டுப் பாக்கியரத்தினம் லெஸ்லியின் முற்றத்தில் நின்றார். லெஸ்லி அதை வைத்து வள்ளம் இழுக்கும் வண்டியின் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அருமையான சாமான், நல்ல தெரிவு என்று பாராட்டினார். அடுத்த நாள் அது முறுக்கோடு திரும்பிப் போனது. அதற்கடுத்த தடவை சீனி அரியதரத்தோடு. மூன்று கிழமை இப்படியே நடந்தது. லெஸ்லியின் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று ஒருநாள் பாக்கியரத்தினம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அடுத்த முறை என்ன பலகாரம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை பாக்கியரத்தினம் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது குசினி மூலை வேறு மாதிரி இருந்தது. அங்கே புது இரும்பு றாக்கை ஒன்று ஆடாமல் அசையாமல் நின்றது. தட்டுகளில் நூல் கட்டைகளும் துணிகளும். மேல் தட்டில் ரெஞ்ச். கீழே மூலையில் இருந்த மூன்று மெசினையும் காணவில்லை.

“என்ர சாமானெல்லாம் எங்க?”

“லெஸ்லி அண்ணையிட்டக் குடுத்திட்டன். நீங்கள் ஒவ்வொரு நாளும் போய் இரந்துகொண்டு நிக்கிறது எனக்கு ஒரு மாதிரிக் கிடந்தது. மூண்டையும் எடுத்துக்கொண்டு ரெஞ்சை எங்களுக்கே தாங்கோ எண்டு கேட்டனான். இன்பமலர் அக்கா உடன ஓம் எண்டவா.”

“மனிசி கிடக்கட்டும். அண்ணை என்ன சொன்னவர்?”

“அவர் வாய் திறக்கேல்ல.”

தனக்கே சொந்தமான ஒன்றுக்குத் தன் மூன்று சாமான் போய்விட்டது. சொன்னால் அம்மனுக்குச் செய்த சத்தியம் போகும், சொல்லாவிட்டால் கிரைண்டர் போகும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற பாக்கியரத்தினம், கடைசியில் கிரைண்டரின் பக்கம் சாய்ந்தார்.

“சிவா, அந்த ரெஞ்ச் வந்து...”

சிவாஜினி ஒரு அட்டையை மேசையில் வைத்தாள். பற்றரிக்குக் கீழே, பெட்டியின் அடியில் கிடந்த உத்தரவாத அட்டை. இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவரால் எந்தப் படிவத்தையும் வெறுமையாக விட முடியாது. முனீப்பின் கடையில் நின்றபடியே முதலெழுத்து, முழுப்பெயர், விலாசம், தொழில் எல்லாம் முத்து முத்தாக நிரப்பியிருந்தார்.

“எப்ப கண்டனீர்?”

“முதல் நாள். கட்டிலுக்கு முன்னம்.”

பாக்கியரத்தினம் கதிரையில் இருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இவளை விட்டால் துறைமுகத்தையே தனியாக நடத்துவாள் என்று ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தது. அதை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை.

“அம்மனுக்குப் பயப்பிடாதேங்கோ,” என்றாள் சிவாஜினி, அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கையில் கொடுத்தபடி. “நீங்கள் கொண்டுவந்தது இரவல் எண்டு நீங்களே சொன்னது. வாங்கினது நான். அந்த அட்டையில உங்கட பேரை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதித் தாங்கோ, உங்கட எழுத்துத்தான் வடிவு.”