மாப்பிள்ளை பார்க்கப் போய் ஊறல் பார்த்தேன்

அன்பு மகன் ரமணாவுக்கு, உன் நைனா சின்னசாமி சொந்தக் கையால் எழுதுவது.

முதலில் எழுத்துக்கு மன்னிப்பு. என் எழுத்து கோட்டில் நிற்காமல் அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி மேலும் கீழும் போகிறது. முதியோர் வகுப்பில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு வரிக்குமேல் விரல் ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் எழுபத்திரண்டு வயதில், குவைத்தில் இருக்கும் மகனுக்கு நானே எழுதுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கே நான், உன் பெண்சாதி வெங்கடலட்சுமி, உன் மகள் தேன்மொழி, கறவை மாடு இரண்டு, எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குத் திருமலை இருக்கும் திசையைப் பார்த்துத் தினமும் கும்பிடுகிறேன்.

இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நான் எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரும் உன்னிடம் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். விஷயம், தேன்மொழிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை கோவர்த்தனனைப் பற்றியது. நீ போட்ட ஒரே நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. “பையன் கறுப்போ செவப்போ, ஏழையோ, இன்னாவோ இருக்கட்டும் நைனா. சாராயம் தொட்ட எடம் மட்டும் வேணாம்” என்றாய். ஏன் என்றும் தெரியும். ஓடைக்கரையில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சியதற்காக நான் ஆறு மாதம் சித்தூர் ஜெயிலில் இருந்தபோது நீ ஆறாவது படித்தாய். பள்ளிக்கூடத்தில் உன் பெயரை விட்டுவிட்டு “ஊறல்” என்றே கூப்பிட்டார்கள். சாராயமே கிடையாத தேசம் என்றுதானே நீ குவைத்தைத் தேடிப் போனாய்.

பையனுக்குச் சந்திரகிரியில் ஒரு பெரிய ஓட்டலில் எஞ்சினியர் வேலை என்றார்கள். “ரெண்டு நாள் வந்து தங்கி, கோட்டையெல்லாம் சுத்திப் பாருங்க” என்று அவனே அழைத்ததால் மூன்று பேரும் போனோம். ராஜா மகாலைப் பார்த்தோம். அத்தனை பெரிய வீட்டில் சமையல்கட்டு எங்கே என்று வெங்கடலட்சுமி கடைசிவரை தேடினாள். மதியம் ஓட்டலில், நம் பக்கத்துச் சாப்பாடு என்று மூடி போட்ட செம்புப் பாத்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். திறந்தால், ரமணா, கேழ்வரகுக் களி! அரிசிக்கு வழியில்லாத நாளில் நாம் தின்ற அதே களி, எலுமிச்சம்பழ அளவு உருண்டை, பக்கத்தில் ஒரு கரண்டி நாட்டுக்கோழிக் குழம்பு. பக்கத்து மேசைப் பெங்களூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். நான் பதினோரு உருண்டை தின்றேன். பரிமாறியவன் உள்ளே போய் இன்னொருத்தனைக் கூட்டிவந்து என்னைக் காட்டினான்.

அதன்பிறகு கோவர்த்தனன் தன் வேலை இடத்தைக் காட்ட அழைத்துப் போனான். கண்ணாடி அறைக்குள் ஆள் உயரத்துக்கு ஐந்து ஸ்டீல் டேங்க். பால் குளிரவைக்கும் டேங்க் என்று நினைத்து, பரவாயில்லை, பால் தொழில் என்று சந்தோஷப்பட்டேன். கதவைத் திறந்தான். முப்பத்தைந்து வருஷம் ஆகியும் மூக்குக்கு மறக்கவில்லை ரமணா. ஊறல்!

“இன்னாப்பா இது?”

“பீர் தாத்தா. இங்கியே பண்றோம்.”

“யாரு பண்றது?”

“நான்தான். இதுக்குன்னு பெங்களூர்ல ரெண்டு வருஷம் படிச்சேன்.”

படித்தானாம்! நான் செய்ததற்கு ஜெயில், இவன் செய்வதற்குச் சர்டிபிகேட், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் வேறு மாட்டியிருக்கிறான். நான் வாயைத் திறந்தபடி நிற்கும்போதே வாசலில் ஒரு காக்கிச் சட்டை வந்தது. எக்சைஸ் அதிகாரி. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை, கால்தான் யோசித்தது. “டேய், வந்துட்டானுங்க, ஓடுடா!” என்று கத்திக்கொண்டே சமையல்கட்டு வழியாக ஓடி, பின்பக்கச் சுவரைத் தாண்டி, மாட்டுத் தீவனத்துக்காகக் கொட்டிவைத்திருந்த தானியச் சக்கையில் இடுப்புவரை விழுந்தேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். “ஏமைந்தி தாத்தா, படிப்போயாரா?” என்று, விழுந்துவிட்டீர்களா எனத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே அந்த அதிகாரியே கை கொடுத்துத் தூக்கி, வேட்டியில் ஒட்டியிருந்த சக்கையைத் தட்டிவிட்டார். எக்சைஸ்காரர் கை என்மேல் பட்டு வலிக்காதது அதுதான் முதல் தடவை. பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, காபி குடித்து, கோவர்த்தனனிடம் கை குலுக்கிவிட்டுப் போனார். “இன்னா மாமா, மானம் போவுது” என்று வெங்கடலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். தேன்மொழி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்னைத் தேற்றுவதற்காகக் கோவர்த்தனன் ஒரு பலகையில் நாலு சின்ன கிளாஸ் வைத்துக் கொண்டுவந்தான். ஜெயிலிலிருந்து வந்த அன்று, இனி குடிப்பதில்லை என்று உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் நான். அதனால் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். ஒன்று புளித்த கஞ்சி, ஒன்று கருகிய காபி, ஒன்று வேப்பங்காய். நாலாவது, பங்காருபாளையம் மாம்பழம் போட்டது. அதைத் துப்ப மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, மூன்று மணி இருக்கும். உனக்கு அன்று தலைவலி ஏதாவது வந்ததா, எழுது.

அந்த மாம்பழ பீரில் ஒரு கோளாறு. தொண்டையில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு காறல்.

“ரெண்டு தரம் இப்பிடித்தான் ஆயிடுச்சி தாத்தா. மொத்தத்தையும் கொட்டினோம். ஏன்னே தெரியல.”

“பழத்தைக் காம்போட அறுத்து, கவுத்து வெச்சி, பால் வடிய வுட்டீங்களா?”

“இல்லியே. பறிச்சதும் மூட்டையில வந்துடுது.”

“அப்போ தோல் பூரா பால் காஞ்சிக் கீது. அத்தயும் சேத்து அரைச்சிக் கொட்டினா காறாம இன்னா பண்ணும்?”

அவன் கண் விரிந்துபோனது. “இதெல்லாம் எங்க கத்துக்கினீங்க தாத்தா?” என்றான். சொல்லாதீர்கள் என்று வெங்கடலட்சுமி கண்ணைக் காட்டினாள். உன் நிபந்தனையும், உன்னைக் கூப்பிட்ட அந்தப் பெயரும், பெண்ணின் கல்யாணமும் என் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இருந்தும் சொல்லிவிட்டேன். ஓடை, பானை, வெல்லம், வேலம்பட்டை, ஜெயில், ஒன்று விடவில்லை. அவன் எழுந்து என் காலைத் தொட்டான். நான் அவசரப்பட்டு, “பொண்ணு உனக்குத்தான்டா” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். “என்னக் கேக்க மாட்டியா தாத்தா?” என்றாள் தேன்மொழி. கேட்டேன். சரி என்றாள்.

இனி நீ ஒருவன்தான் பாக்கி. வேண்டாம் என்று நீ சொன்னால் நானே போய் அவனிடம் சொல்லிவிட்டு வருகிறேன். ஆனால் ஒன்று மட்டும் யோசித்துப் பார். காக்கிச் சட்டையைப் பார்த்து அவன் ஓடவில்லை.

வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய். வேங்கடவன் உனக்கு நீண்ட ஆயுசும் இந்தக் கிழவன்மேல் கொஞ்சம் இரக்கமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
சின்னசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதப் பதிமூன்று நாள் ஆயிற்று. உறையில் போடும் நேரத்தில் உன் போன் வருகிறது. “இன்னா நைனா, மாம்பழ பீர் சரியாயிடுச்சாமே” என்கிறாய்! ஜாதகம் வந்த அன்றே கோவர்த்தனன் தன் தொழிலை உன்னிடம் சொல்லிவிட்டானாம், மறைக்காமல் சொன்னதற்காகவே நீயும் ஒத்துக்கொண்டாயாம். பீர் கெட்டுப்போகிறது என்று அவன் அழுததற்கு, “எங்க நைனாவக் கூப்ட்டு மோந்து பாக்கச் சொல்லு. அந்த ஜில்லாவுலயே அவரு மாதிரி ஆள் கெடையாது” என்று சொன்னவனே நீயாம். முன்பே சொன்னால் நான் வரமாட்டேன் என்று என்னிடம் மறைத்தீர்களாம். ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னைக் கேட்டானே, திருட்டுப் பயல்! ஆக, நான் எழுதியது அத்தனையும் வீண். கிழித்துவிடலாம் என்று கையில் எடுத்தேன், எழுபத்தெட்டு வரி, மனசு வரவில்லை. எதுவும் தெரியாதவன் போல முதலிலிருந்து படி. நான் வாக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் கோபப்படு. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் நீயும் எனக்கு ஒரு கடிதம் போடு. ஜில்லாவிலேயே ஆள் கிடையாது என்று அவனிடம் சொன்னாயே, அந்த ஒரு வரி இருந்தால் போதும். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.