புறம்போக்கு மலைக்குத் தீக்குச்சிக் கணக்கு

ஏழாயிரம்பண்ணை,
20-7-2004

விருதுநகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை சோலைமலை அவர்களுக்கு, மாமனார் சங்கையா சொல்ல, பக்கத்து வீட்டு ஞானசுந்தரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் வேலைதான் சீக்காகக் கிடக்கிறது.

நீங்கள் நாலு பேரைப் பிடித்து வாங்கித் தந்த கல்குவாரி வாசல் காவலுக்கு என் வாயே உலை வைத்துவிட்டது. புறம்போக்கு மலையைக் காக்க அரசாங்கத்துக்கு என்ன செலவு, மலையால் என்ன வரவு என்று கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. சர்க்காருக்குப் பணம் கட்டி வாங்கின நடைச்சீட்டைக் காட்டி லாரி வெளியே போனால் பெட்டியில் ஒரு தீக்குச்சி போடுவேன். ஆனி மாதப் பெட்டியைக் கொட்டி எண்ணினால் முப்பத்தொன்று. "ஐம்பத்திரண்டு லாரிங்க ஐயா. மிச்சக் குச்சி பீடிக்குப் போச்சு" என்றேன். "சர்க்கார் கணக்கையா பத்தவச்சுக் குடிச்சீரு?" என்றார். "குச்சிதாங்க எரிஞ்சது, கணக்கு மண்டையில பத்திரமா இருக்கு" என்று ஒவ்வொரு லாரியையும், ஓட்டினவன் பேரோடும் தேய்ந்த டயரோடும் ஒப்பித்தேன். மனுஷர் அசந்து போனார்.

லாரிக்கு ஐம்பது ரூபாய் வீதம் வரவு இரண்டாயிரத்து அறுநூறு. செலவில் என் சம்பளம் ஆயிரத்தைந்நூறு, வாசல் சங்கிலி இருநூறு, சீட்டு அச்சடித்த கூலி முந்நூறு. அறுநூறு லாபம் என்று பேனாவை மூடப் போனவர், "உம்ம மண்டைக்குள்ள கம்ப்யூட்டரே இருக்குய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாக ஒருத்தர் மெச்சினால் சும்மா இருக்க முடிகிறதா? "ஜீப்ப விட்டுட்டீகளே ஐயா. பார்வையிட மூணு தடவ வந்துச்சு, தடவைக்கு முந்நூறு ரூவா டீசல்" என்று எடுத்துக் கொடுத்தேன். தொள்ளாயிரம் ஏறியது. லாபம் போய் முந்நூறு நட்டம். "நட்டத்துக்கு எதுக்குய்யா காவல்? நிறுத்திரலாம்னு எழுதிர்றேன்" என்று ஜீப்பில் ஏறினார். சோறு கொண்டுவந்து நின்ற உங்கள் அத்தை பொன்னுத்தங்கம், "கம்ப்யூட்டருக்கு இனி யாரு கஞ்சி ஊத்துறது?" என்கிறாள்.

ஆகவே, ஏதாவது தீப்பெட்டிக் கம்பெனியில் காவல் கிடைக்குமா என்று பாருங்கள். வாய் பேசாத வேலையாக இருந்தால் நல்லது. வீடு நல்லபடியாக எழும்பி, நீங்களும் மகளும் நூறு வருஷம் அதில் வாழ எங்கள் ஆசி.

சங்கையா (கைநாட்டு)

பி.கு: கட்டைவிரலில் மை தொடும்போதுதான் ஞாபகம் வருகிறது. அதே ஆனியில் உங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குச் சீட்டில்லாமல் போன பதினெட்டு லாரிக்கு நான் குச்சியும் போடவில்லை, ஒப்பிக்கவும் இல்லை. அதற்குண்டான தொள்ளாயிரத்தைச் சேர்த்தால் மலைக்கு மறுபடியும் அறுநூறு லாபம், எனக்கும் வேலை. வெள்ளிக்கிழமை அதிகாரி காவலை நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போட வருகிறார். அதற்குள் நீங்களே போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறீர்களா, இல்லை எனக்கு ஞாபகம் வந்ததாக அவரிடமும் சொல்லிவிடட்டுமா?